பக்கத்து அறைக்குப் போக வேண்டியவர்கள்

ரொறன்ரோவில் எங்கள் கட்டடத்தின் கீழே உடுப்புத் தோய்க்கிற லோன்றி அறையில்தான் லண்டன் அன்ரியை நான் முதலில் கண்டேன். உடுப்புக் காயவைக்க ஓடிக்கொண்டிருந்த ஒரு ட்றையருக்கு மேலே ஏறி, ஆம்பிளைகள் போடுகிற பெரிய குளிர்கோட்டோடு, கால்களைத் தொங்கவிட்டு இருந்து படம் கீறிக்கொண்டிருந்தார். தமிழ் ஆள் என்று முகத்தில் தெரிந்தது. தலையை ஆட்டிவிட்டு என் உடுப்புகளை மெசினுக்குள் போடத் தொடங்கினேன். ஊர் எது, ஆரின்ர ஆள் என்று கேட்பார் என நினைத்தேன். எங்கடை ஆக்கள் அப்படித்தானே தொடங்குவது. அவர் அப்படித் தொடங்கவில்லை.

"அண்ணை, நான் ஒருக்கா பொம்பிளையின்ர கண்ணுக்குள்ள அரிசி எறிஞ்சு போட்டன்," என்றார்.

லண்டனில் மச்சாள் முறையான ஒருத்தியின் கலியாணமாம். எல்லாரும் வரிசையாக மேடைக்குப் போய் அறுகரிசி போட்டு வாழ்த்தியிருக்கிறார்கள். அன்ரி சின்ன வயதிலேயே லண்டனுக்குப் போனவர். எப்படிப் போடுவது என்று தெரியாது, கேட்கவும் வெட்கம். கை நிறைய அள்ளி, கிரிக்கெட் பந்து எறிவதுபோல எறிந்திருக்கிறார். மிச்சச் சடங்கு முழுக்கப் பொம்பிளை ஒரு கண்ணாலேதான் மாப்பிள்ளையைப் பார்த்தாவாம். வீடியோவில் அது இப்பவும் இருக்கிறதாம்.

சொல்லிவிட்டுக் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். மற்றவர்கள் வாயை மூடிச் சிரிப்பார்கள், அவர் கண்ணைத்தான் மூடுவார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல மறுபடி கீறத் தொடங்கினார். "நீங்களும் ஒண்டு சொல்லுங்கோ" என்று கேட்கவே இல்லை. நான் உடுப்பு மடித்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன். ஆனால் அன்று முழுவதும் எனக்கு நடந்த வெட்கக்கேடுகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தன. அவர் ஆளைப் பிடிக்கிற விதம் அதுதான். வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தேத்தண்ணி வைப்பதுபோல, தன் வெட்கத்தை முதலில் எடுத்து முன்னால் வைப்பார்.

அவர் கீறிய புத்தகத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். லண்டனில் அச்சாகிற ஒரு சித்திரக்கதைப் புத்தகம் அது. பெரிய கொம்பனி ஒன்றும் இல்லை. மூன்று பேர்தான் கொம்பனி. கதையும் படமும் அன்ரி. நிறம் தீட்டுவது ஒரு சிநேகிதி. மடக்கு மேசையைத் தூக்கிக்கொண்டு சந்தை சந்தையாகப் போய் விற்பது இன்னொரு சிநேகிதர். புத்தகத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘தவறி வந்தவர்கள்’ என்று வரும்.

அதில் எங்கேயும் ஒத்துவராத நாலு பேர் இருக்கிறார்கள். குதிரைக்குப் பயந்த ஒரு ரோமப் படைவீரன். ஒருவரையும் ஏசத் தெரியாத ஒரு ரயில் ரிக்கெற் பரிசோதகி. நாக்கில் ருசி தெரியாத ஒரு அரண்மனைச் சமையல்காரன். பிறகு கார்டிகன் போட்ட எங்கடை ஆள் ஒருவர். அவர் கையில் எப்பவும் ஒரு பஸ் வரைபடம் இருக்கும். இந்த நாலு பேரும் லண்டனில் ஒரு லோன்றிக் கடையில் உள்ள பழைய ட்றையருக்குள் ஏறிக் காலம் தாண்டிப் போவார்கள். அவர்களில் ஒருவருக்கு உண்மையாகவே வெட்கம் வந்தால்தான் ட்றையர் சூடாகி ஓடும். ஓடினாலும் போகவேண்டிய காலத்துக்கு ஒருநாளும் போகாது. திரும்பி வருவதென்றால், போன இடத்து ஆக்களிடம் "நாங்கள் தவறி வந்திட்டம்" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொன்னால்தான் கதவு திறக்கும்.

என் மகள் அப்போது நாலாம் வகுப்பு. அவளுக்கு அந்தப் புத்தகம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். எனக்கு இங்கிலிஷ் வாசித்து விளங்கிக்கொள்கிற அளவுக்குப் படிப்பில்லை. அதனால் அவள் என் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு பக்கமாக வாசித்துத் தமிழில் சொல்லுவாள். தகப்பன் மகளுக்குக் கதை வாசிப்பதுதான் வழமை. எங்கள் வீட்டில் மாறி நடந்தது. அதுவும் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

காலம் தாண்டிப் போகிறவர்கள் ஏன் ஒரு சண்டையைக்கூட நிப்பாட்டுவதில்லை என்று ஒருநாள் மகள் அன்ரியிடம் முறையிட்டாள்.

"நாலு பேரும் சேர்ந்தாலும் ஒரு கதவை ஒழுங்காப் பூட்டத் தெரியாத ஆக்கள், பிள்ளை. அவையளிட்டப் போய்ச் சண்டையை நிப்பாட்டச் சொல்லுறீர்," என்றார் அன்ரி.

அன்ரி தமையனோடு இருக்கவென்றுதான் ரொறன்ரோவுக்கு வந்தவர். தமையன் குடும்பம் தூரத்தில் பிறம்ரனில் வீடு வாங்கிப் போனபோது அவர் போகவில்லை. கார் ஓடத் தெரியாது, எங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் நடந்தே எல்லாம் முடிக்கலாம் என்றார். விடியக் கோப்பிக் கடையில் வேலை. பின்னேரம் லோன்றி அறை. அங்கே சூடு, வெளிச்சம், மனிதர்கள் எல்லாம் கிடைக்கும் என்பார். காதில் செருகிய நீலப் பென்சிலை மறந்துவிட்டு, அதையே தேடிக்கொண்டு திரிவார்.

கொஞ்சக் காலத்தில் கட்டடத்துச் சனங்கள் தாங்களாகவே வந்து அவரிடம் சொல்லத் தொடங்கினார்கள். கட்டடத்துக்குக் கீழே கடை வைத்திருக்கிற நானா ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகிற அவசரத்தில், சாமான் வாங்க வந்த ஒரு மனிசியை உள்ளே வைத்துக் கடையைப் பூட்டிவிட்டுப் போனவராம். தொழுதுவிட்டு வந்து திறந்தால், மனிசி வாழைப்பழம் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, நேரம் போகாமல் அவரின் மரக்கறித் தட்டு முழுவதையும் அடுக்கி வைத்திருக்கிறார். அடுத்த புத்தகத்தில் நாலு பேரும் எகிப்திய ராசாவின் பிரமிட்டுக்குள் அகப்பட்டு, செத்த ராசாவுக்குப் படைத்த சாமான்களை இனம் இனமாக அடுக்கிக்கொண்டு இருந்தார்கள். நானா அந்தப் புத்தகத்தைக் காசு மேசைக்குப் பக்கத்தில் வைத்து, வருகிறவர்களிடம் எல்லாம், "இந்த பிரமிட் என்ட கடைதான்," என்று காட்டினார்.

ஆனால் கேட்ட எதையும் அன்ரி சொல்லாமல் கொள்ளாமல் போடுவதில்லை. பென்சிலால் கீறிய தாளோடு அந்த ஆளிடம் முதலில் போவார். ஏழாம் மாடியில் ஒரு அக்கா சொன்ன ஒரு கதையை அப்படித்தான் கொண்டுபோனார். என்ன கதை என்று எனக்குத் தெரியாது. அந்த அக்கா லோன்றிக் கூடையை இடுப்பில் வைத்தபடி படங்களைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "வேண்டாமே," என்றார்.

"அப்ப நான் உதைக் கீறேல்லை," என்று சொல்லி, அன்ரி அந்த இடத்திலேயே தாள்களைக் கிழித்து, ட்றையர்ப் பஞ்சு போடுகிற வாளிக்குள் போட்டார். முகத்தில் ஒரு கோணலும் இல்லை. அவர் அந்தப் பக்கங்களோடு எவ்வளவு நாள் மாய்ந்தார் என்று பார்த்தவன் நான்.

இனி அந்தச் செத்தவீட்டுக் கதை.

எங்கள் மாடியில் ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர் இருந்தார். ஒரு மாரியில் அவர் காலமானார். உடலை மார்க்கம் நகரப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் பார்வைக்கு வைத்திருந்தார்கள். அன்ரியை என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். பனி கொட்டியது, ரோட்டில் கார்கள் ஊர்ந்தன, நாங்கள் பிந்திவிட்டோம். உள்ளே போனதும் தேவாரம் கேட்டது. தேவாரம் கேட்டால் எங்கடை செத்தவீடுதானே. அன்ரி அது கேட்ட அறையின் கதவைத் திறந்தார். இருவரும் போய்ப் பின்வரிசையில் இருந்தோம்.

இருந்த பிறகுதான் முன்னால் இருந்த படத்தைப் பார்த்தேன். மாஸ்ரர் இல்லை. கட்டை மீசை வைத்த வேறொரு மனிதர். பக்கத்து அறையிலும் ஒரு தமிழ்ச் செத்தவீடு நடந்திருக்கிறது.

உடனே எழும்பிப் போயிருக்கலாம். ஆனால் அந்த அறையில் ஆளே இல்லை. கதிரைகள் வரிசை வரிசையாக வெறுமையாகக் கிடந்தன. முன்னால் மனைவி, வளர்ந்த மகள் ஒருத்தி, உறவினர் சிலர். நாங்கள் உள்ளே வந்தபோது அந்த மகள் திரும்பிப் பார்த்தாள். ஆரோ வந்துவிட்டார்கள் என்று அவளின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதைக் கண்ட பிறகு எழும்ப எனக்குக் கால் வரவில்லை.

தேவாரம் முடிந்தது. ஒலிவாங்கியைப் பிடித்திருந்த உறவினர், நண்பர்கள் சார்பில் ஆராவது இரண்டு வார்த்தை பேசுங்கோ என்றார். நண்பர்கள் என்று பார்க்க எங்களைத் தவிர வேறு ஒருவரும் இல்லை. அவர் என்னையே பார்த்தார். நான் எழும்பி மேடைக்குப் போனேன்.

எங்கடை செத்தவீடுகளில் பேசுவதற்கு ஒரு பேச்சு இருக்கிறது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். எத்தனையோ இடத்தில் கேட்டுக் கேட்டு எனக்கு அது பாடம். அன்னார் ஒரு நல்ல மனிதர், ஒருவருக்கும் தீங்கு நினையாதவர், எப்பவும் சிரித்த முகம், எந்த நேரம் போனாலும் உதவி செய்வார், அன்னாரின் இழப்பு ஈடுசெய்ய முடியாதது. ஒரு சொல் தடக்காமல் சொன்னேன். முகத்தையும் கவலையாக வைத்துக்கொண்டேன். அங்கே படுத்திருந்தவரை அதற்கு முன் நான் கண்ணாலும் கண்டதில்லை.

நான் இறங்க முந்தி அந்த மகள் எழும்பிக் கிட்ட வந்தாள். "அப்பாவுக்குச் சிநேகிதர் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. எங்கை பழக்கம் உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"வேலையில," என்றேன்.

"அப்பா இஞ்ச வந்து வேலைக்கே போகேல்லையே," என்றாள். குற்றம் பிடிக்கிற குரல் இல்லை அது. விளங்காமல்தான் கேட்டாள். ஒலிவாங்கி இன்னும் என் கையில் இருந்தது. நாங்கள் கதைத்தது முழுவதும் அறைக்குக் கேட்டிருக்கிறது.

அன்ரி எழும்பி வந்தார். கோட்டுப் பொத்தானைக் கூடக் கழற்றவில்லை. என் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினார்.

"நான் தவறி வந்திட்டன்," என்றார். "பக்கத்து அறைக்குப் போக வேண்டிய ஆள். நான்தான் இந்தக் கதவைத் திறந்தனான். படத்தைப் பாத்த உடன தெரிஞ்சது. எழும்பிப் போக வெக்கமா இருந்தது. எனக்கு இவரைத் தெரியாது. வந்தது வந்திட்டன். இவர் எப்பிடிப்பட்டவர் எண்டு ஆராவது எனக்குச் சொல்லுவியளோ?"

உறவினர் ஒலிவாங்கிக்காகக் கையை நீட்டினார். அப்போது முன்வரிசையில் இருந்து அந்த மனைவி பேசினார். எழும்பவில்லை, இருந்த இடத்திலேயே பேசினார்.

"சரியான கோவக்காரன்," என்றார். "ரீவியில வெதர் சொல்லுறவனோட தினமும் சண்டை. விடியவெள்ளன எழும்பி அக்கம்பக்கத்து வீட்டு வாசல் பனியெல்லாம் தள்ளிவிடுவார். பிறகு, தாங்ஸ் சொல்லேல்லை எண்டு அவங்களை ஏசுவார். ஆர் சிநேகிதம் வைப்பினம்?"

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு அவளும் ஒன்று சொன்னாள். உறவினரும் சொன்னார். அன்ரி முன்வரிசைக்குப் போய் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டார். நான் மட்டும் பின்னால் கோட்டுகள் கொழுவுகிற இடத்தில், மற்றவர்களின் ஈரக் கோட்டுகளுக்கு நடுவில் நின்றேன். கடைசியில் காரைச் சூடாக்குகிறேன் என்று வெளியே போய்விட்டேன். மாஸ்ரரின் முகத்தைப் பார்க்கவும் போகவில்லை.

திரும்பி வரும்போது, ஏன் என்னை அத்தனை பேருக்கு முன்னால் வெட்கப்படுத்தினீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"அண்ணை, நான் என்ர வெக்கத்தைத்தான் சொன்னனான். உங்கடயைப் பற்றி நான் வாயே திறக்கேல்லை," என்றார் அன்ரி.

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். "நாங்கள்" என்றுகூட அவர் சொல்லவில்லை. எல்லாப் பழியையும் தன்மேல் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்கு வந்த வெட்கம் மேடையில் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

கொஞ்ச நாள் அவர் இல்லாத நேரம் பார்த்து உடுப்புத் தோய்த்தேன். ஒரு சனிக்கிழமை அவரே தாள்களோடு வந்து கதவைத் தட்டினார். மனைவியும் மகளும் வெளியே போயிருந்தார்கள். குசினி மேசையில் விரித்துக் காட்டினார். பழைய காலக் கடற்கரை. செத்த தலைவனைக் கப்பலில் வைத்து எரிக்கப் போகிறார்கள். எங்கடை நாலு பேரும் வேறு ஒருவரின் செத்தவீட்டுக்குப் போக வெளிக்கிட்டு அங்கே வந்து விழுந்திருக்கிறார்கள். கார்டிகன் மனிதர் ஒரு கல்லில் ஏறி நின்று பேசுகிறார். வாயருகே இருந்த வட்டத்துக்குள் நான் பேசிய பேச்சு முழுவதும் இங்கிலிஷில் இருந்தது. அன்ரி அதை எனக்குத் தமிழில் சொன்னார். ஒரு சொல்கூட விட்டுப்போகவில்லை.

"வேண்டாமெண்டால் சொல்லுங்கோ, கிழிக்கிறன்," என்றார். என்னை நெருக்கக்கூடாது என்றோ என்னவோ, அந்த நாலு பேரின் கதைக்கு முடிவு இதில்தான் வருகிறது என்று அவர் வாய் தவறியும் சொல்லவில்லை. லண்டனில் உள்ள சிநேகிதி சொல்லி அது எனக்குப் பிறகு தெரியவந்தது.

கிழிக்கச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் என் மகள் வாசிப்பாள். வாசித்து எனக்கே தமிழில் சொல்லுவாள். தகப்பன் முன்பின் தெரியாத பிணத்துக்கு முன்னால் நின்று, அழுகிறவர்களைப் பார்த்துப் பொய் சொன்னான் என்று அவளின் வாயால் கேட்க என்னால் ஏலாது. இதை அன்ரியிடம் சொன்னேன். ஆள் இருக்கட்டும், அந்தச் சொற்கள் வேண்டாம் என்றேன்.

"சொல்லை எடுக்கலாம் அண்ணை. அவர் கதைச்சவர் எண்டதை எடுக்கேலாது," என்றார். என் மேசையிலேயே வைத்து, வட்டத்துக்குள் இருந்ததை மட்டும் ஒவ்வொரு வரியாக அழித்தார். வெறும் வட்டம் மிஞ்சியது.

அடுத்த கோடைக்கு அவர் லண்டனுக்குத் திரும்பிப் போய்விட்டார். போகும்போது அந்தக் குளிர்கோட்டை லோன்றி அறையில் மறந்துவிட்டுப் போனார். நானா அதைத் தபாலில் அனுப்பிவைத்தார். புத்தகம் அச்சாகித் தபாலில் வந்தபோது பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கிவிட்டது. மகள் அதை உறையைக் கிழித்த கையோடு அறைக்குள் கொண்டுபோனாள். அடுத்த நாள் பின்னேரம் வழமைபோல என் பக்கத்தில் வந்து இருந்து வாசித்துச் சொல்லத் தொடங்கினாள்.

கடற்கரை வந்தது. கப்பல் வந்தது. கார்டிகன் மனிதர் கல்லில் ஏறினார். அந்தப் படத்தில் அவள் தடக்கி நிற்பாள் என்று நினைத்தேன். அவள் நிற்கவில்லை. அதே குரலில் வாசித்தாள்.

"எனக்கு இவரைத் தெரியாது. ஆனா நீங்கள் அழுறதைப் பாக்க எனக்கும் கவலையா இருக்கு."

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். வெறும் வட்டத்துக்குள் பென்சிலால் எழுதியிருந்தது. அவளின் எழுத்து.

"ஆர் இதை எழுதினது?" என்று கேட்டேன்.

"நான்தான். அன்ரி எழுத மறந்திட்டா. அவர் வேற என்னத்தைச் சொல்லியிருப்பார்?"

பேசாமல் இருந்திருக்கலாம். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அன்ரி மறந்துவிட்டார் என்று அவள் சொன்னாள். என்னால் அன்ரிமேல் இன்னொரு பழி.

"அன்ரி மறக்கேல்லை," என்றேன். "எழுத வேண்டாமெண்டு நான்தான் கேட்டனான். அது எனக்கு நடந்தது, பிள்ளை."

மகள் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அப்ப நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டாள்.

சொன்னேன். அன்னார் ஒரு நல்ல மனிதர் என்று தொடங்கி, ஈடுசெய்ய முடியாதது என்பது வரைக்கும். எங்கள் குசினியில் வைத்துச் சொல்லும்போது அது ஏதோ கடை விளம்பரம் மாதிரிக் கேட்டது.

"அவரை உங்களுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். எழும்பிப் போய்ப் பள்ளிக்கூடப் பையிலிருந்து அழிறப்பரையும் பென்சிலையும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

"அப்ப நான் எழுதினது பிழை," என்றாள்.

அவளின் சொற்களை அழிக்க எனக்குக் கை வரவில்லை. அவற்றை என் சொற்களாக அங்கே இருக்க விடுவதற்கும் முகம் இல்லை. மெதுவாக அழித்தேன். தூளை ஊதினேன். நான் சொன்னதைத் தமிழில், சின்ன எழுத்தில் எழுதினேன். வட்டம் போதவில்லை. கடைசி வரியைக் கப்பலின் பாய்மேல் எழுதவேண்டி வந்தது.

மகள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, தமிழ்ப் பள்ளியில் வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகக் கூட்டி, கடைசிச் சொல் வரைக்கும் உரத்து வாசித்தாள். நான் இருந்து கேட்டேன்.

வாசித்து முடித்ததும், "சரி, இனி அடுத்த பக்கம்," என்றாள்.